லோடு இறக்கியது சங்ககிரியில், வீட்டுக்கு மட்டும் வரவில்லை

கேள்வி: எங்கள் வீட்டுக்காரர் பதினொரு வருடமாக லைன் வண்டி, அதாவது தொலைதூர லாரி, ஓட்டுகிறார். இப்போது ஓட்டுவது பதினாலு சக்கர வண்டி. முதலாளிக்கு மொத்தம் மூன்று வண்டிகள். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு புனே, நாசிக் பக்கம் போவார். அங்கிருந்து டெல்லி, சில சமயம் கல்கத்தா என்று சுற்றி, நாற்பது ஐம்பது நாள் கழித்துத்தான் வண்டி ஊர்ப்பக்கம் வரும். வந்தால் இரண்டு நாள். அதில் ஒரு நாள் பட்டறையிலும் முதலாளி வீட்டிலும் போய்விடும். மீதி நேரம் தூங்குவார், எழுந்தால் எரிந்து விழுவார். எட்டு வயது மகள் அவரிடம் ஒட்டுவதே இல்லை. போன மாதம் சங்ககிரியில் லோடு இறக்கியிருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர்தான். வராமல் அப்படியே அடுத்த லோடுக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டு அண்ணன் பார்த்துச் சொல்லித்தான் எனக்கே தெரியும். லாரி டிரைவருக்கு லீவு என்று சட்டத்தில் ஒன்றுமே இல்லையா? இல்லை, அவருக்கே வீட்டுக்கு வர மனமில்லையா? வேலையை விட்டுவிடச் சொல்லட்டுமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்செங்கோடு அருகில்

பதில் தருபவர்: தொழிலாளர் சட்ட வழக்கறிஞர்

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் இரண்டாவதாகக் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும், உங்களை இரவில் தூங்கவிடாமல் வைத்திருப்பது அந்தச் சங்ககிரி விஷயம்தான் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது.

நானும் ஒரு லைன் வண்டி டிரைவரின் மகள். இருபத்திரண்டு வருடமாகத் தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் லாரி ஓட்டுகிறவர்கள், அல்லது அவர்களுடைய மனைவிமார். ஊர்ப்பக்கம் வந்தும் வீட்டுக்குப் போகாமல் திரும்பிய கதை ஒன்றாவது இல்லாத டிரைவரை நான் பார்த்ததில்லை. காரணம் கேட்டால் முதலில் வண்டியைத்தான் சொல்வார்கள். லோடு இறக்க டோக்கன் போட்டு வரிசையில் நிற்க வேண்டும், எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. கிளீனர் இல்லாத வண்டி. விட்டுவிட்டு நகர்ந்தால் டீசல் போகும், பேட்டரி போகும், தார்ப்பாய் போகும். போனதெல்லாம் டிரைவர் கணக்கில் ஏறும். பதினாலு சக்கர வண்டியைக் கொண்டுவந்து உங்கள் தெருவுக்குள் திருப்பவும் முடியாது. இறக்கி முடிக்கும் முன்பே அடுத்த லோடுக்கு முதலாளியிடமிருந்து போன் வந்துவிடும். வண்டி எங்கே நிற்கிறது என்று ஜிபிஎஸ் அவருக்குக் காட்டிக்கொண்டே இருக்கும்.

இன்னும் கொஞ்சம் பேசவிட்டால் வேறொரு காரணம் வெளியே வரும். ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினால் பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு அழும், அதைப் பார்த்துவிட்டு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்ட முடியாது, அதற்குப் போகாமலே இருந்துவிடலாம் என்பார்கள். என் அப்பாவும் இதைச் செய்திருக்கிறார். அவர் இறந்த பிறகு, அவரோடு ஓடிய கிளீனர் மாமா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். எங்கள் ஊர் மெயின் ரோட்டு டீக்கடையில் வண்டியை ஓரம் கட்டி, வீடு இருக்கும் பக்கம் பார்த்தபடி ஒரு டீயைக் குடித்துவிட்டு ஏறிக்கொள்வாராம். கிளீனர் மாமா ஏதாவது கேட்டால் பதில் சொல்ல மாட்டாராம்.

அதனால் உங்கள் வீட்டுக்காரருக்கு மனமில்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் போனதை நான் சரி என்று சொல்ல மாட்டேன். அடுத்தவர் வாயால் கேட்க வைத்தது தப்புத்தான். அதை அவரிடம் சண்டையாக இல்லாமல் ஒருமுறை சொல்லிவிடுங்கள். கூடவே ஒரு ஏற்பாட்டையும் கேளுங்கள். வண்டி வைகுந்தம் சுங்கச்சாவடி தாண்டும்போது ஒரு போன். நீங்கள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு, சோறு கட்டிக்கொண்டு, இறக்கும் இடத்துக்கே போய்விடுங்கள். லாரிக்குள் அப்பாவோடு அரை மணி நேரம் உட்கார்ந்து அவள் சாப்பிட்டு வரட்டும். வீட்டுக்கு வந்து அவர் கிளம்புவதைக் குழந்தை பார்க்கிறது என்பது ஒன்று. அவர் இருக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு இவள் கிளம்பி வருகிறாள் என்பது வேறு. என்னிடம் வந்த இரண்டு மூன்று குடும்பங்கள் இதைச் செய்கின்றன. பிள்ளைகளுக்கு அழுகை குறைந்தது என்று அந்த அம்மாக்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இனி, அவர் ஊருக்கு வர ஏன் நாற்பது ஐம்பது நாள் ஆகிறது என்று பார்ப்போம். இது தெரியாமல் முதலாளியிடம் போய் லீவு கேட்டால் பேச்சு வளராது.

உங்கள் வீட்டுக்காரர் எப்போது வீட்டுக்கு வருவார் என்பது திருச்செங்கோட்டில் முடிவாவதில்லை. டெல்லி சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர் மாதிரி ஓர் இடத்தில், கொண்டுபோன லோடை இறக்கிவிட்டு, அடுத்து எந்தத் திசைக்கு லோடு என்று புக்கிங் ஆபீஸில் கேட்கும் அந்தப் பத்து நிமிடத்தில் முடிவாகிறது. நேராகத் தெற்கே வர நல்ல வாடகைக்கு லோடு கிடைத்தால் ஒரு வாரத்தில் ஊர். கிடைக்காவிட்டால் காலியாக 2,400 கிலோமீட்டர் வர எந்த முதலாளியும் ஒத்துக்கொள்ள மாட்டார், டீசலுக்கே கட்டாது. குஜராத்துக்கோ கல்கத்தாவுக்கோ லோடு கிடைத்தால் அங்கே போ என்பார். அங்கே போனால் மறுபடி அதே கேள்வி. நாற்பது நாள் ஐம்பது நாள் ஆவது இப்படித்தான். வெளிநாட்டு லோடு மாதிரி தூரம் கூடியதால் ஆவதில்லை.

இதனால் வீட்டுக்கு வரும் தேதியை வீட்டுக்கு வரும் வழியில் கேட்டுப் பயனில்லை. வடக்கே லோடு இறக்குவதற்கு முன்னால் முதலாளியின் மனதில் அந்தத் தேதி இருக்க வேண்டும். அதைவிட நல்லது, இங்கிருந்து கிளம்பும் முன்பே, படி (வழிச்செலவுப் பணம்) பேசும்போதே, இந்த நடையில் (பயணத்தில்) இன்ன தேதிக்குள் வண்டி ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்வது. எனக்குத் தெரிந்து லைன் டிரைவர்கள் வாடகையில் சதவீதம் பேசுவார்கள், படி பேசுவார்கள், டயர் பஞ்சரானால் யார் செலவு என்பதைக்கூடப் பேசுவார்கள். வீட்டு நாளைப் பேசுகிறவர் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். அதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். பெண்டாட்டி ஞாபகம் வந்துவிட்டதா என்று லாரிகள் நிற்கும் செட்டில் யாராவது கேலி பேசுவார்கள் என்ற பயம் பெரிய மீசைக்காரர்களுக்கே இருக்கிறது.

ஒரு விஷயம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டன. கேரள எல்லையில் வாளையாரில் கிலோமீட்டர் கணக்கில் வண்டிகள் வரிசை கட்டி நின்ற காலம் உங்கள் வீட்டுக்காரருக்கு நன்றாக நினைவிருக்கும். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது, சுங்கச்சாவடியில் நிற்கும் நேரமும் குறைந்தது. சாலை நான்கு வழி, ஆறு வழி ஆனது. ஒரு நடைக்கு ஆகும் நாட்கள் குறைந்துவிட்டன. மிச்சமான அந்த நாட்கள் டிரைவர் வீட்டுக்கு வரவில்லை, கூடுதலாக ஒரு லோடு ஏற்றப் போய்விட்டன. இன்னொரு பக்கம், நாடு முழுக்க ஓட அனுமதி உள்ள நேஷனல் பர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும் என்று இருந்த விதியை 2018-இல் தளர்த்திவிட்டார்கள். அதற்கு முன்பும் அந்த விதி முழுதாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாத்தி ஓட்ட ஓர் ஆள் கூட இருந்தவரை, ஒருவர் ஊரில் இறங்கிக்கொள்ள இன்னொருவர் வண்டியைக் கொண்டுபோவது சாதாரணமாக நடந்தது. இப்போது ஒற்றை டிரைவர். அவர் இறங்கினால் வண்டி நிற்கிறது. வண்டி நின்றால் மாதத் தவணை நிற்காது. இரண்டு மூன்று வண்டி வைத்திருக்கும் நம் ஊர் முதலாளிகளில் பலர் முன்னாள் டிரைவர்கள்தான். அவர்களுக்கும் இரவில் தூக்கம் வராத மாதக் கடைசி உண்டு. இதை உங்கள் முதலாளிக்கு வக்காலத்தாகச் சொல்லவில்லை. யாரிடம் பேசப் போகிறோம் என்று தெரிந்து பேச வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சட்டத்துக்கு வருகிறேன். லீவு உண்டா என்றால், உண்டு. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்தை வரையறுத்தது. நீண்ட தூர வழித்தடங்களுக்கு அனுமதி பெற்றால்கூட நாளுக்குப் பத்து, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றது. வாரம் ஒரு நாள் ஓய்வு. போக்குவரத்து தடைபடாமல் இருக்க ஓய்வு நாளில் வேலை வாங்கினாலும், இடையில் ஒரு முழு நாள் விடுமுறை இல்லாமல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் ஓட்ட வைக்கக்கூடாது. வருடத்தில் 240 நாள் வேலை செய்தால், இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு. 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டத்தின் இடத்துக்குப் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. அதில் அந்த 240 நாள் 180 நாளாகக் குறைந்திருக்கிறது. அது நல்லது. அந்தப் பத்து நாள் விதியும் அப்படியே இருக்கிறது.

ஆனால் இதெல்லாம் உங்கள் வீட்டுக்காரருக்குப் பொருந்துமா? பழைய சட்டம் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்துக்கு என்றது. புதிய தொகுப்பு அதைப் பத்து பேராக்கிவிட்டது. மூன்று வண்டி, மூன்று டிரைவர், கணக்கு எழுத ஒருவர் என்றால் உங்கள் முதலாளி இரண்டிலும் வர மாட்டார். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பகுதியில் இப்படிச் சின்ன உரிமையாளர்களிடம் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு எழுதிய சட்டத்தை நல்ல சட்டம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீதிமன்றத்தில் போய் லீவு வாங்கித் தருகிறேன் என்று உங்களிடம் வாக்குக் கொடுத்தால் அது பொய்யாகிவிடும்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. சட்டம் ஓய்வு என்கிறது, வீடு என்று எங்கும் சொல்லவில்லை. நாக்பூர் பக்கம் ஒரு தாபா வாசலில் லோடுக்காகக் காத்துக்கொண்டு கேபினில் படுத்துக் கிடந்த நாளையும் ஓய்வு நாள் என்று எழுதிக்கொள்ள முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதைக் கவனித்திருக்கிறார்கள். 2020 ஆகஸ்டிலிருந்து அங்கே ஒரு விதி உண்டு. நாடு விட்டு நாடு ஓட்டும் லாரி டிரைவர் நான்கு வாரத்துக்கு ஒருமுறையாவது வீட்டுக்கோ நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கோ திரும்பும்படி கம்பெனிதான் வேலையைத் திட்டமிட வேண்டும். வாரத்தின் முழு ஓய்வான 45 மணி நேரத்தை வண்டிக் கேபினிலேயே கழிக்க வைக்கவும் கூடாது. வீடு திரும்புவதைச் சட்டத்தில் எழுத முடியும் என்பதற்கு இது சாட்சி. நம் சங்கங்கள் இதைக் கேட்க வேண்டும், நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

சட்டம் நேராகக் கைகொடுக்காவிட்டாலும், பேச ஓர் அளவுகோலாக அதை எடுத்துக்கொள்ளலாம். வாரம் ஒரு நாள் என்றால் 45 நாள் லைனுக்கு ஆறு நாள். அது போக இருபது நாளுக்கு ஒன்று என்று பார்த்தால் இன்னும் இரண்டு. ஆக, ஒன்றரை மாதம் ஓடிவிட்டு வருகிற ஒருவர் ஏழெட்டு நாள் வீட்டில் இருக்கக் கேட்பது பேராசை இல்லை. பெரிய கம்பெனியில் ஓட்டுகிறவருக்கு நாடாளுமன்றம் எழுதி வைத்த கணக்கு அது. உங்கள் வீட்டுக்காரர் ஏழு நாள் கேட்கட்டும், ஐந்துக்குக் கீழே இறங்க வேண்டாம்.

வண்டி நிற்குமே என்பார் முதலாளி. அதற்குப் பதில் கையில் இருக்க வேண்டும், அது ஆக்டிங் டிரைவர், அதாவது சில நாளுக்கு மட்டும் மாற்றாக ஓட்டுகிறவர். உங்கள் வீட்டுக்காரர் வீட்டில் இருக்கும் அந்த ஏழு நாள், நம்பகமான ஒரு ஆக்டிங் டிரைவர் வண்டியை எடுத்து சங்ககிரி சிமெண்டோ வேறு லோடோ ஏற்றிக் கேரளா பக்கம் இரண்டு மூன்று நடை அடித்துவிட்டு வரலாம். வண்டி நிற்கவில்லை, தவணைக்குக் காசு வருகிறது, ஏழாம் நாள் வண்டி இங்கேயே நிற்கிறது. ஆளை முதலாளி தேடட்டும் என்று விட்டுவிடாமல், தெரிந்த டிரைவர் ஒருவரை உங்கள் வீட்டுக்காரரே சொல்லி வைத்தால் பேச்சு பாதி முடிந்த மாதிரி. நடுவயதில் லைனை விட்டுவிட்டு ஊரில் இருக்கும், சின்ன ஓட்டம் மட்டும் போதும் என்கிற டிரைவர்கள் உங்கள் பகுதியில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இங்கேதான் டிரைவர்களின் பெரிய பயம் வரும். ஆக்டிங்காக ஏறியவனே வண்டியை நிரந்தரமாகப் பிடித்துக்கொண்டால்? லீவு கொடுத்தாலும் பலர் எடுக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம், நீங்கள் நினைப்பது மாதிரி வீட்டின் மேல் வெறுப்பு இல்லை. இந்தப் பயத்துக்கு முழு மருந்து கிடையாது. திரும்பி ஏறும் தேதியை முதலாளி வாயாலேயே சொல்ல வைத்து, வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி வைத்துக்கொள்ளலாம். ‘அண்ணா, 12-ஆம் தேதி சாவி கொடுக்கிறேன், 19 காலையில் வண்டி எடுத்துக்கொள்கிறேன்’ என்று இரண்டு தேதியும் எழுதிய ஒரு செய்தி போதும். லைசென்ஸ் அசலை யாரிடமும் கொடுத்து வைக்க வேண்டாம். பதினொரு வருடம் விபத்தில்லாமல் ஓட்டியவர் என்றால் அவரைத் தேடித்தான் வண்டிகள் வரும். டிரைவர் கிடைக்காமல் நிற்கும் வண்டிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

வீட்டு நாள் எப்போது தொடங்குகிறது என்பதையும் தெளிவாகப் பேச வேண்டும். வண்டி ஊர் எல்லையைத் தொட்ட நேரத்திலிருந்து முதலாளி எண்ணுவார். சாவி கொடுத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். நடைக் கணக்கு முடிப்பது, டோல் ரசீது, டீசல் பில் ஒப்படைப்பது, விளக்கு எரியவில்லை, ஸ்பிரிங் பட்டை ஒடிந்திருக்கிறது என்று பட்டறையில் காட்டுவது எல்லாம் வேலை. அந்த ஒரு நாள் வேலை நாள் என்று பேசிக்கொண்டால், இரண்டு நாள் உண்மையிலேயே இரண்டு நாளாகும். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) வேலைக்கும் இது பொருந்தும். எட்டு வருடத்துக்குள் இருக்கும் வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் போனால் வருடா வருடம் எஃப்.சி. பெயிண்ட், பாடி வேலை என்று வண்டி பட்டறையில் கிடக்கும் நாட்கள் முன்கூட்டியே தெரிந்த நாட்கள். முதல் நாளும் கடைசி நாளும் மட்டும் டிரைவர் வந்தால் போதும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வண்டிக்கு எஃப்.சி. எந்த மாதம் என்று இன்றே அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

இப்போது காசு. கசப்பாக இருந்தாலும் இதைப் பேசாமல் விட முடியாது. சிலருக்கு நடைக்கு இவ்வளவு, சிலருக்கு வாடகையில் சதவீதம், சிலருக்குக் கிலோமீட்டர் கணக்கு. பெயர் எதுவானாலும் சக்கரம் உருண்டால்தான் காசு. வீட்டில் இருக்கும் நாள் படி இல்லாத நாள். இரண்டாம் நாளே அவர் நிலைகொள்ளாமல் நடப்பதற்கும் எரிந்து விழுவதற்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 45 நாள் சம்பாத்தியத்தில் 52 நாள் சாப்பிட வேண்டும் என்றால் வருகிற நூறு ரூபாயில் பதினான்கு ரூபாயை வீட்டு நாளுக்கென்று தனியாக எடுத்து வைக்க வேண்டும். நடைக் கணக்கு முடித்துப் பணம் கைக்கு வந்த அன்றே அதை எடுத்துவிடுங்கள், தபால் அலுவலகச் சேமிப்பிலோ வங்கியிலோ போட்டுவிடுங்கள். அவர் வீட்டில் இருக்கும் வாரம் அந்தப் பணத்தில்தான் சமைக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியட்டும். அவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

முன்பணம் வாங்கியிருக்கிறாரா? கடிதத்தில் எழுதவில்லை. முதலாளியிடம் பெரிய தொகை அட்வான்ஸ் நிற்கும் டிரைவரால் வாயைத் திறந்து நாள் கேட்க முடியாது. கேட்டால், முதலில் என் பணத்தை வை என்பார்கள். இருந்தால் நடைக்குக் கொஞ்சமாக அடைத்துவிட்டு, அதன் பிறகு நாளைப் பற்றிப் பேசுங்கள். மறுபடி அட்வான்ஸ் வாங்காமல் இருக்க நீங்கள்தான் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும்.

கூடவே, ஒரு சின்ன நோட்டில் கிளம்பிய தேதி, ஏற்றிய இடம், இறக்கிய இடம், நின்ற நாட்கள், வாங்கிய பணம் எல்லாவற்றையும் அவர் எழுதி வரட்டும். நாளைக்குச் சம்பளத் தகராறு என்று தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்குப் போனால் அந்த நோட்டுத்தான் முதலில் பேசும். அமைப்புசாரா ஓட்டுநர் நலவாரியத்தில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பாப்பாவின் படிப்புக்கு உதவித்தொகை, விபத்து நேர்ந்தால் குடும்பத்துக்கு உதவி என்று அதில் இருக்கிறது. இந்த வேலை அவர் ஊரில் இருக்கும்போது அரை நாளில் முடியும். ஆனால் முதல் நாளே இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

முதல் நாள் தூக்கத்துக்கு. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். ஒன்றரை மாதம் இரவில் ஓட்டி, பகலில் இரண்டு மணி நேரம் மூன்று மணி நேரம் என்று கேபினில் துண்டு துண்டாகத் தூங்கிய உடம்பு அது. வீட்டுக் கட்டிலில் படுத்ததும் பன்னிரண்டு மணி நேரம் எழாது. அப்போது எழுப்பி ரேஷன் கார்டு, வட்டிக்காரர், மாமியார் வருத்தம் என்று தொடங்கினால் யாராயிருந்தாலும் எரிந்துதான் விழுவார்கள். நாற்பது நாளாகச் சேர்த்து வைத்த கஷ்டத்தைச் சொல்ல உங்களுக்கு வேறு ஆள் இல்லை என்பது எனக்குப் புரிகிறது. என் அம்மா அப்படித்தான் இருந்தார், முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டுவார், இரண்டாம் நாள் இருவரும் பேசாமல் இருப்பார்கள், மூன்றாம் நாள் அப்பா கிளம்பிவிடுவார். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். முதல் நாள் விட்டுவிட்டு இரண்டாம் நாள் மாலை அவர் குளித்துச் சாப்பிட்ட பிறகு எடுங்கள். இதற்காகவும்தான் இரண்டு நாள் போதாது, ஐந்து நாளாவது வேண்டும் என்று நான் அடம்பிடிக்கிறேன்.

அதே மாதிரி கிளம்பும் முந்தின இரவும். உறவில் கல்யாணம், சாவு, சீர் என்று அன்று இரவு முழுக்க அவரை அலைய விடாதீர்கள். பதினேழு மணி நேரம் விழித்திருந்த ஒருவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் கவனம் அளவுக்குத் தளர்ந்துபோகும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் குடித்து ஓட்டுவதற்கான வரம்பே 0.03 தான். நல்ல தூக்கம் தூங்கி ஏறட்டும்.

பாப்பா ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு வயதில் நானும் ஒட்டவில்லை. வரும் ஆள் யார், எத்தனை நாளைக்கு என்று தெரியாமல் ஒட்ட முடியாது. குழந்தைக்கு எண்ணிக்கை தெரியும் வயது இது. காலண்டரில் அப்பா வரும் தேதி, போகும் தேதி இரண்டையும் அவளே வட்டம் போடட்டும். போகும் தேதியை மறைக்காதீர்கள். தூங்கும்போது நழுவிப் போகவும் வேண்டாம், அது அவளுக்கு அடுத்த முறை வரை உறுத்தும். வீட்டில் இருக்கும் நாட்களில் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடும் வேலையை மட்டும் அவரிடம் கொடுங்கள். வேறு எதுவும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகிற அந்தப் பத்து நிமிடத்தில் அவளே பேச ஆரம்பிப்பாள்.

வேலையை விடச் சொல்லட்டுமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். கேரளா லைன், பள்ளி பஸ், உள்ளூர் டிப்பர் என்று வேலைகள் இருக்கின்றன. ஆனால் வருமானம் சட்டென்று குறையும். கேரளா லைனில் ஆள் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊருக்கு வந்தாலும் இரவெல்லாம் ஓட்டிவிட்டுப் பகலில் படுத்துக் கிடப்பார். வீட்டில் இருப்பார், கூட இருக்க மாட்டார். முதலில் நாளைப் பேசிப் பாருங்கள். இரண்டு நடைக்குப் பிறகும் முதலாளி ஐந்து நாள் கொடுக்கவில்லை என்றால், ஆக்டிங் டிரைவர் வைத்து மாற்றி ஓட்டும் உரிமையாளரிடம் மாறுவதைப் பற்றி யோசிக்கலாம். வேலையை விடுவதற்கும் வண்டி மாறுவதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

பேசுவது யார் என்றால், அவர்தான் பேச வேண்டும். நீங்கள் போன் செய்து கேட்டால் அவருக்குச் செட்டில் தலை நிமிர முடியாது. லோடு ஏறி நிற்கும்போதோ வண்டி பழுதாகி நிற்கும்போதோ கேட்க வேண்டாம். கணக்கு முடித்து, இருவரும் டீ குடிக்கும் நேரம்தான் சரியான நேரம். ‘லீவு வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்டால் பார்க்கலாம் என்பார்கள். தேதியைச் சொல்லிக் கேட்டால் யோசிப்பார்கள், நோம்பி (பண்டிகை) தேதியாக இருந்தால் இன்னும் நல்லது, முதலாளிக்கும் அன்று வீட்டில் இருக்க வேண்டும் என்று தெரியும். ஆயுதபூஜைக்கு வண்டியே ஊருக்கு வந்துவிடும், அதற்காகக் கேட்டு வீணாக்க வேண்டாம். உங்கள் ஊரில் வைகாசி விசாகத் தேர் இருக்கிறதே, அர்த்தநாரீசுவரர் தேர். அந்தத் தேதியை இந்த முறை சாவி வாங்கும்போதே அவர் சொல்லட்டும். டெல்லியில் இறக்கும் அன்று காலை மறுபடியும் ஒருமுறை முதலாளிக்கு ஞாபகப்படுத்தட்டும். அன்று அவருக்கு அதை ஞாபகப்படுத்த வேண்டியது நீங்கள்.